சென்னை ஜன்னல் வெளிச்சத்தில் என்ன செடி வளரும்?

கேள்வி சுருக்கமாக இது: வேளச்சேரியில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. பால்கனி இல்லை, மொட்டை மாடிக்கு வீட்டுக்காரர் சாவி தருவதில்லை. ஹாலில் கிழக்கு பார்த்த ஜன்னல் ஒன்று, சமையலறையில் வடக்கு பார்த்த ஜன்னல் ஒன்று. செயற்கை விளக்கு எதுவும் போடாமல் துளசி, புதினா, கொத்தமல்லி, கறிவேப்பிலை வளர்க்க முடியுமா? கூடவே ஒரு வரி: "வெளிநாட்டு வீடியோவில் ஜன்னலோரத்தில் கஞ்சா செடியையே ஆள் உயரத்துக்கு வளர்த்துக் காட்டுகிறார்கள், இவ்வளவு வெயில் அடிக்கும் சென்னையில் ஒரு துளசி வராதா?"

துளசி வரும், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு எளிதாக வராது. புதினா நன்றாக வரும். கொத்தமல்லிக்குக் காலம் பார்க்க வேண்டும். கறிவேப்பிலையை மறந்துவிடுங்கள். இதற்கான காரணங்கள் தெரிந்தால் வேறு என்னென்ன வரும் என்பதும் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

முதலில் அந்த வீடியோ விஷயத்தை முடித்துவிடலாம். கனடாவில் 2018 முதலும் ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதலும் வீட்டில் சில கஞ்சா செடிகள் வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ஜெர்மனியில் வயது வந்தவர் ஒருவருக்கு மூன்று செடி. நம் ஊரில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், பிரிவு 20, கஞ்சா செடி வளர்ப்பதையே குற்றமாக வைத்திருக்கிறது. 10 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கஞ்சா வைத்திருந்தால் எடை பார்த்துத் தண்டனை கூடும், குறையும். செடி வளர்ப்பதில் அந்தக் கணக்கும் கிடையாது, ஒரு தொட்டி என்றாலும் வழக்கு வழக்குதான். வாடகை வீட்டில் வீட்டுக்காரருக்குத் தெரிந்தே நடந்தால் அவரும் மாட்டுவார். நீங்கள் ஒப்பீட்டுக்காகச் சொன்னது புரிகிறது. இருந்தாலும் இந்தப் பதிலை வேறு யாராவது வேறு நோக்கத்தில் படிக்கலாம் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

ஆனால் உங்கள் ஒப்பீட்டில் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது. அந்த ஊர் ஜன்னலுக்கும் நம் ஊர் ஜன்னலுக்கும் என்ன வித்தியாசம்? பெர்லின் நகரம் பூமத்திய ரேகைக்கு 52 டிகிரி வடக்கில் இருக்கிறது. அங்கே ஜூன் மாதத்தில் பகல் ஏறக்குறைய 17 மணி நேரம். உச்சி வேளையில்கூட சூரியன் 61 டிகிரிக்கு மேல் ஏறாது, அதுவும் எப்போதும் தெற்குப் பக்கமாகவே போகும். வெயில் சாய்வாக ஜன்னல் வழியே நுழைந்து தரையில் நீளமாக விழும். "தெற்கு பார்த்த ஜன்னலில் வையுங்கள்" என்று அவர்கள் சொல்வது இதனால்தான். அந்த வாக்கியத்தை அப்படியே தமிழில் சொல்லும் வீடியோக்கள் நிறைய வந்துவிட்டன. சென்னையில் அதை நம்பி தெற்கு ஜன்னலில் தொட்டி வைத்தால் மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் அந்தச் செடிக்குச் சூரிய தரிசனமே கிடைக்காது.

சென்னை இருப்பது 13 டிகிரி வடக்கில். சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நம் தலைக்கு நேர் மேலே வருகிறது: ஏப்ரல் 24, 25 வாக்கில் ஒரு முறை, ஆகஸ்ட் 18 வாக்கில் மறுமுறை. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். மற்ற எட்டு மாதம் தெற்கே. டிசம்பர் கடைசியில் மிகவும் தெற்கே சாய்ந்து, உச்சி வேளையில் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். பகல் நேரம் ஜூனில் சுமார் 12 மணி 50 நிமிடம், டிசம்பரில் சுமார் 11 மணி 20 நிமிடம். அதாவது நமக்குக் கோடைக்கும் குளிருக்கும் பகல் நீளத்தில் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். மாறுவதெல்லாம் வெயில் வரும் திசையும் சாய்வும்தான்.

ஆக, சென்னையில் வெயில் கொட்டுகிறது, ஆனால் கொட்டுவது மொட்டை மாடியில். சுவர்களுக்குக் கிடைப்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் சன்ஷேட் பிடித்துக்கொள்கிறது. வெயிலை உள்ளே விடாமல் இருக்கத்தானே நம் கொத்தனார்கள் அதைக் கட்டினார்கள். நல்லதுதான், ஆனால் செடிக்கு அது எதிரி.

இந்த சன்ஷேட் கணக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். இதுதான் உங்கள் ஜன்னலின் தலையெழுத்து. பெரும்பாலான ஃப்ளாட்டுகளில் சன்ஷேட் 2 அடி நீட்டிக்கொண்டிருக்கும், ஜன்னல் உயரம் 4 அடி இருக்கும். கிழக்கு ஜன்னலை எடுத்துக்கொள்வோம். சூரியன் உதித்து மேலே ஏற ஏற சன்ஷேட்டின் நிழல் ஜன்னலின் மேல் விளிம்பிலிருந்து கீழே இறங்கும். காலை ஒன்பது மணி வாக்கில் நிழல் ஜன்னலின் பாதி வரை வந்துவிடும். பத்தேகால், பத்தரைக்கு அடிக்கட்டை வரை இறங்கிவிடும். அதற்கு மேல் அன்றைக்கு நேர் வெயில் கிடையாது. ஆண்டு முழுக்க இந்த நேரம் பெரிதாக மாறுவதில்லை, பத்துப் பதினைந்து நிமிடம் இப்படி அப்படிப் போகும், அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒரு காசு செலவில்லாத பாடம் கிடைக்கிறது. ஜன்னல் கிரில்லின் மேல் கம்பியில் அழகாகத் தொங்கவிட்ட தொட்டிக்கு ஒன்பது மணிக்குள் வெயில் முடிந்துவிடும். அதே தொட்டியை ஜன்னல் கட்டையில் வைத்தால் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். செடிக்கு அந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம், ஏனென்றால் ஆறரை மணி வெயிலைவிட ஒன்பதரை மணி வெயில் பல மடங்கு வலுவானது.

அப்புறம் எதிர்க் கட்டடம். உங்கள் கிழக்கு ஜன்னலுக்கு எதிரே உங்கள் மாடியைவிட இரண்டு மாடி உயரமான கட்டடம் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்றால், சூரியன் அதன் தலையைத் தாண்டி எட்டிப்பார்க்கும்போது மணி பத்தாகிவிடும். கால் மணி நேரத்தில் உங்கள் சன்ஷேட் வந்து மறைத்துவிடும். பேருக்குக் கிழக்கு ஜன்னல், நேர் வெயில் பதினைந்து நிமிடம். சென்னையில் இப்படிப்பட்ட ஜன்னல்கள்தான் அதிகம். நீங்கள் எதிரே என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அரை மணிக்கு ஒரு முறை ஜன்னல் கட்டையில் வெயில் விழுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். திசைகாட்டியைவிட அது நம்பகமானது.

வடக்கு ஜன்னல் விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு சலுகை உண்டு. மே முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அதற்கு நேர் வெயில் வரும். ஜூன் மாதத்தில் சூரியன் கிழக்கிலிருந்து கிட்டத்தட்ட 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கிறது, மாலையில் அதே அளவு வடக்கே தள்ளி மறைகிறது. சன்ஷேட் நிழலைக் கழித்தாலும் காலை எட்டு மணி வரைக்கும், மாலை நாலு மணிக்கு மேலும் வடக்கு ஜன்னலின் அடியில் சாய்வாக வெயில் படும், பக்கத்து வீடு மறைக்காவிட்டால். மற்ற மாதங்களில் வானத்தின் வெளிச்சம் மட்டுமே. தெற்கு ஜன்னல் இதற்கு நேர் எதிர்: டிசம்பர், ஜனவரியில் அதன் கீழ் மூன்றில் ஒரு பங்கில் பகல் முழுக்க வெயில் இருக்கும். வீட்டில் தெற்கு ஜன்னல் இருப்பவர்கள் மார்கழி, தை மாதங்களில் கொத்தமல்லியே விளைவிக்கலாம்.

மேற்கு ஜன்னலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு வரி: வெயில் நிறைய, ஆனால் கத்திரி வெயில் காலத்தில் மூன்று மணிக்கு மேல் கண்ணாடியும் கிரில்லும் சூடேறி தொட்டி மண்ணே கொதிக்கும். வேரைக் காப்பாற்ற வெள்ளை நிறத் தொட்டியாகவோ மண் தொட்டியாகவோ வையுங்கள், கறுப்பு பிளாஸ்டிக் வேண்டாம்.

இனி வெளிச்சத்தின் அளவு. இதில் நம் கண் நம்மை நன்றாக ஏமாற்றும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். உச்சி வெயிலில் திறந்த வெளியில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம். நேர் வெயில் படாத ஜன்னல் கட்டையில் இரண்டாயிரம், மூவாயிரம். அங்கிருந்து ஐந்தடி உள்ளே வந்தால் சில நூறுதான். மூன்று இடத்திலும் நம்மால் பேப்பர் படிக்க முடியும், அதனால் மூன்றும் 'நல்ல வெளிச்சம்' என்று தோன்றும். செடிக்கு அப்படியில்லை. டிவி ஸ்டாண்டின் மேல் வைத்த துளசி பதினைந்து நாளில் வெளிறி நீண்டு விழுவதற்குக் காரணம் தண்ணீரும் இல்லை, திருஷ்டியும் இல்லை, பசி. அதற்கு வெளிச்சம்தான் சோறு.

அளக்க வேண்டுமென்றால் போனில் லக்ஸ் மீட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, செடியின் இலை இருக்கும் இடத்தில் போனின் திரை ஜன்னலைப் பார்க்கும்படி பிடியுங்கள். துல்லியம் குறைவு, ஆனால் 300-ஆ 3000-ஆ என்று சொல்லிவிடும், நமக்கு அது போதும். ஆப் எல்லாம் எதற்கு என்றால் ஒரு வெள்ளைத் தாளை ஜன்னல் கட்டையில் வைத்து, ஓர் அடி உயரத்தில் கையை விரித்துப் பிடியுங்கள். விரல்கள் தனித்தனியாகக் கூர்மையாக நிழல் விழுந்தால் துளசி வரை யோசிக்கலாம். கை என்று மட்டும் தெரிகிற மங்கல் நிழல் என்றால் வல்லாரை, வெற்றிலை, சுமாராகப் புதினா. நிழலே சரியாக விழவில்லை என்றால் மணி பிளாண்ட், பாம்புக் கற்றாழை. அவையும் அங்கே வளர்வதைவிட உயிரோடு இருக்கும் என்று சொல்வதே சரி.

வருகிற வெளிச்சத்தையும் வழியில் கொள்ளை கொடுக்காமல் பாருங்கள். தெளிவான கண்ணாடி பெரும்பாலான வெளிச்சத்தை உள்ளே விட்டுவிடும். சன் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியும், பச்சை, காப்பி நிறக் கண்ணாடிகளும் பாதியைக்கூடத் தின்றுவிடும். கொசுவலை இன்னொரு திருடன். புதிதாக இருக்கும்போதே கொஞ்சம் குறைக்கும், சாலைத் தூசி படிந்து சாம்பல் நிறமாகிவிட்டால் கேட்கவே வேண்டாம். வெல்க்ரோ போட்ட வலையாக இருந்தால் மாதம் ஒரு முறை கழற்றி அலசுங்கள். முடிந்தால் காலை வெயில் வரும் நேரத்தில் மட்டும் சறுக்குக் கதவைத் திறந்து, வலையையும் ஒதுக்கிவிட்டு, செடிக்கு நேராகக் காட்டுங்கள். கொசு மாலையில்தான் என்று நினைக்க வேண்டாம், டெங்குக் கொசு பகலில் கடிக்கும், அதனால் வெயில் போனதும் மூடிவிடுங்கள். எதிர்ச் சுவர் வெள்ளை அடித்ததாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே வடக்கு ஜன்னலுக்குப் பாதி சாப்பாடு.

சரி, செடிகளுக்கு வருவோம்.

கிழக்கு ஜன்னலில் நான் முதலில் வைக்கச் சொல்வது நீங்கள் கேட்காத ஒன்று: திருநீற்றுப்பச்சிலை. பீட்சாவில் போடும் பேசில் இலை இந்த இனம்தான். இதற்கு நர்சரிக்கு அலைய வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் சப்ஜா விதை என்று கேளுங்கள், பலூடாவில் போடுவோமே அதேதான். அது இந்தச் செடியின் விதை. இருபது ரூபாய்க்கு வாங்கினால் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஈரமான தேங்காய் நார்த்தூளின் மேல் ஒரு சிட்டிகை தூவுங்கள், மண் போட்டு மூட வேண்டாம். சில நிமிடங்களில் ஒவ்வொரு விதையும் ஒரு வழவழப்பான நீலச் சாம்பல் உறை போட்டுக்கொள்ளும். அதைக் கழுவாதீர்கள், முளைக்கும் வரை விதைக்கு ஈரம் காப்பது அதுதான். மூன்று முதல் ஐந்து நாளில் முளைக்கும். முதலில் வரும் இரண்டு வித்திலைகள் அரைவட்டமாக, தட்டையான பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். அந்த நிமிடத்திலிருந்து அது கிழக்கு ஜன்னலின் கட்டையில் இருக்க வேண்டும். ஒரு நாள் உள்ளே விட்டால்கூட தண்டு நூலாக நீண்டுவிடும்.

இங்கேதான் ஜன்னல் செடி வளர்ப்பவர் படிக்கக் கற்க வேண்டிய விஷயம் வருகிறது: கணு இடைவெளி. ஒரு ஜோடி இலைக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவே தண்டு எவ்வளவு நீளம் என்று பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்குள் இருந்தால் வெளிச்சம் போதுகிறது. நாலு விரல் போய்விட்டது, இலையும் சிறுத்து வெளிர் பச்சையாகிவிட்டது என்றால் செடி வெளிச்சம் தேடி ஓடுகிறது. உரம் போட்டால் இன்னும் வேகமாக ஓடும். இடத்தை மாற்றுவது ஒன்றுதான் மருந்து. செடி ஜன்னல் பக்கம் சாய்வதும் இதே கதைதான். தண்டின் நிழல் பக்கத்தில் வளர்ச்சி ஊக்கி அதிகம் சேர்வதால் அந்தப் பக்கம் நீண்டு, செடி வெளிச்சத்தை நோக்கி வளைகிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை தொட்டியைக் கால் சுற்று திருப்பினால் நேராக நிற்கும்.

ஆறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், இரண்டாவது ஜோடி இலைக்குச் சற்று மேலே. அந்த இலைக் கக்கங்களிலிருந்து இரண்டு கிளை வரும். அவற்றையும் பிறகு அப்படியே கிள்ளினால் நாலு. பூக்கதிர் தலைகாட்டினால் உடனே எடுத்துவிடுங்கள், பூத்துவிட்டால் இலை சிறுத்து மணமும் குறையும்.

துளசியும் இதன் பங்காளிதான், கிள்ளும் முறையும் அதேதான். ஆனால் வெயில் இதைவிடக் கூடுதலாகக் கேட்கும். நாலு மணி நேர நேர் வெயில் என்பது துளசிக்கு அடிமட்டக் கணக்கு. உங்கள் கிழக்கு ஜன்னல் எதிரில் தடையில்லாமல் இருந்தால் எட்டிவிடலாம், இல்லாவிட்டால் ஏக்கத்திலேயே நிற்கும். கருந்துளசியைவிடப் பச்சைத் துளசி குறைந்த வெயிலைக் கொஞ்சம் தாங்குகிறது என்பது என் அனுபவம். துளசியைக் கிள்ளத் தயங்குகிறவர்கள் உண்டு. செவ்வாய், வெள்ளியில் தொடக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் புதன்கிழமை கிள்ளுங்கள், ஆனால் கிள்ளாமல் விடாதீர்கள். கதிர் விட்டு விதை கட்டிய துளசி ஜன்னலில் நெடுநாள் நிற்காது.

புதினாதான் உங்கள் இரண்டு ஜன்னலுக்கும் பொது. கட்டு வாங்கும்போது தடித்த, லேசாக ஊதா ஓடிய தண்டுகளாகப் பார்த்து எடுங்கள். கணுவில் வெள்ளையாக வேர் முனை துருத்திக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. இலையைச் சட்னிக்கு எடுத்துக்கொண்டு, நுனியில் மட்டும் நாலைந்து இலை விட்டு, தண்டை ஒரு டம்ளர் தண்ணீரில் வையுங்கள். ஒரு வாரத்தில் வேர் விடும். புதினா கீழே போவதைவிடப் பக்கவாட்டில் ஓடுகிற செடி, ஆகவே ஆழமான தொட்டியைவிட அகலமான தட்டு போன்ற தொட்டி அதற்குப் பிடிக்கும். வடக்கு ஜன்னலில் இலை பெரிதாக, மெல்லிசாக வரும், வாசம் சற்றுக் குறையும். டீயில் போட அது போதும், பிரியாணிக்குக் கட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஜன்னல் தோட்டத்தில் பிரியாணிக்கான புதினா விளையாது என்பதை முன்பே ஒத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

கொத்தமல்லியை மார்கழி முதல் மாசி வரை மட்டும் முயலுங்கள். சென்னைக் கோடையில் அது இலை விடுவதற்குள் பூத்துவிடும். மளிகைக்கடைத் தனியாவே போதும். லேசாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் பத்து நாளில் முளைக்கும். நெருக்கமாக விதைத்து, சாண் உயரத்தில் மொத்தமாக அறுத்துவிடுவதே ஜன்னலுக்கு உகந்த வழி. அவசரக்காரர்களுக்கு வெந்தயம்: ஒரு ட்ரேயில் தூவினால் பத்து நாளுக்குள் குட்டிக் கீரையாக அறுக்கலாம். விதைக்குள் இருக்கும் சேமிப்பிலேயே பாதி வளர்ந்துவிடுவதால் வெளிச்சக் குறை அதற்கு அவ்வளவாக உறைக்காது.

வடக்கு ஜன்னலுக்கு என் தேர்வு வல்லாரையும் வெற்றிலையும். வல்லாரை இயல்பாகவே வாய்க்கால் ஓரத்து ஈரத்திலும் மர நிழலிலும் படர்கிற செடி. மண் எப்போதும் ஈரமாக இருந்தாலும் கோபித்துக்கொள்ளாது. ஒரு கொடியை வைத்தால் கணுவுக்குக் கணு வேர் விட்டுத் தொட்டி முழுக்க மூடிவிடும். வெற்றிலை நிழலில் விளைகிற பயிர்தான், அகத்தி மரங்களை வளர்த்து அதன் நிழலில்தானே கொடிக்கால் போடுகிறார்கள். சென்னைக் காற்றின் ஈரப்பதமும் அதற்கு ஏற்றது. கிரில்லில் ஏற்றிவிட்டால் போதும். ஏசி காற்று நேராகப் படும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், இலை ஓரம் கருகும். இவை தவிர ஓமவல்லி எனப்படும் கற்பூரவள்ளி எந்த ஜன்னலிலும் பிழைக்கும். ஒரு கிளையை ஒடித்து மண்ணில் செருகினால் சரி. அதைச் சாகடிக்க ஒரே வழி தினமும் தண்ணீர் ஊற்றுவது.

கறிவேப்பிலை மரம். நாள் முழுக்க வெயில் கேட்கும், வேருக்கு ஆழம் கேட்கும். ஜன்னலில் இரண்டு ஆண்டு பாடுபட்டால் ஒரு தாளிப்புக்கு இலை கிடைக்கும். காய்கறி வாங்கும்போது கொசுறாகக் கொடுப்பதை வாங்கி வாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் பெரும்பாலான ஜன்னல் செடிகள் சாகின்றன, காய்ந்து போய் அல்ல, அழுகி. வெளிச்சம் குறைந்தால் செடி குடிப்பதும் குறையும். மொட்டை மாடியில் தினமும் ஊற்றும் அளவை ஜன்னலில் ஊற்றினால் வேர் மூச்சுத் திணறும். விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் இன்றைக்கு வேண்டாம். தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையில் கண்டுபிடிக்கும் பழக்கம் வந்துவிட்டால் விரலும் வேண்டாம். மண் கலவை இலகுவாக இருக்கட்டும்: தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. வெறும் செம்மண் போட்டால் நாலு தண்ணீரில் செங்கல்லாக இறுகிவிடும்.

எந்தத் தண்ணீர் என்பதும் சென்னையில் கேட்க வேண்டிய கேள்வி. போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவதும், இலை நுனி பழுப்பாகக் காய்வதும் அதன் அடையாளம். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து கழிவாக வரும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறேன் என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். போர் தண்ணீரில் இருந்த உப்பு அதில் இன்னும் செறிவாக இருக்கும், வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிடையாது, ஆனால் குழாயின் அழுக்கு கலந்திருக்கும் என்பதால் சாப்பிடும் செடிக்கு நான் ஊற்றுவதில்லை, மணி பிளாண்டுக்கு ஊற்றுவேன். மழை நாளில் ஒரு வாளி பிடித்து வைத்து, தொட்டியின் அடித் துளை வழியே தாராளமாக வழிந்து ஓடும்படி ஊற்றினால் சேர்ந்த உப்பு கழுவிப் போகும்.

அடியில் தட்டு வைத்தால் ஊற்றிய பத்து நிமிடத்தில் அதைக் காலி செய்துவிடுங்கள். மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து பிரிட்ஜின் பின்தட்டையும் பூந்தொட்டித் தட்டையும்தான் முதலில் பார்க்கிறார்கள். அவர்கள் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

பூச்சி என்று பார்த்தால் மழைக்காலத்தில் மண்ணிலிருந்து குட்டிக் கறுப்பு ஈக்கள் கிளம்பும். மேல் மண்ணைக் காயவிட்டாலே பாதி ஒழியும், மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்று செருகினால் மீதி. இலைக் கக்கத்தில் பஞ்சு போல மாவுப்பூச்சி தெரிந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த காது குடையும் பஞ்சால் துடைத்தெடுங்கள். வேப்பெண்ணெய் தெளிப்பதென்றால் லிட்டருக்கு 5 மில்லி, இரண்டு சொட்டு சோப்பு, மாலையில். சமையலுக்குப் பறிக்கும் செடியாதலால் கடையில் விற்கும் வீரியமான பூச்சி மருந்துகள் பக்கம் போகவே வேண்டாம்.

தொட்டியை வெளியே சன்ஷேட்டின் மேல் வைத்தால் வெயில் பிரமாதமாகக் கிடைக்குமே என்று ஒரு நாள் தோன்றும். செய்யாதீர்கள். வர்தா புயலில், 2016 டிசம்பர் 12 அன்று, பெரிய பெரிய மரங்களே வேரோடு சாய்ந்த ஊர் இது. கீழே பைக் நிற்கும், பிள்ளைகள் விளையாடும். வெளியே துருத்திய கூண்டு கிரில் இருந்தால் அதற்குள் வைத்து, தொட்டியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டுங்கள்.

நீங்கள் ஆடி மாதத்தில் கேட்கிறீர்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மழையை நம்பிய வயலுக்குச் சொன்னது, ஜன்னலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் இப்போது தொடங்குவது நல்லதே. கிழக்கில் சப்ஜாவும் துளசியும், வடக்கில் வல்லாரையும் வெற்றிலையும், இரண்டிலும் ஒவ்வொரு புதினா. ஆகஸ்ட் நடுவில் வடக்கு ஜன்னலின் நேர் வெயில் நின்றுவிடும், அப்போது அங்கிருக்கும் புதினாவையும் கிழக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உண்மையான சோதனை வடகிழக்குப் பருவமழையில் வரும். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை நாள் கணக்கில் மேகம் மூடியிருக்கும், கிழக்கு ஜன்னலும் வடக்கு ஜன்னல் போலாகிவிடும். அந்த வாரங்களில் தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள், உரம் போடாதீர்கள், புதிதாக எதையும் விதைக்காதீர்கள். விளக்கு வேண்டாம் என்றுதான் கேட்டீர்கள். ஆனாலும் அந்த ஒன்றரை மாதத்துக்கு மட்டும், கடையில் கிடைக்கும் சாதாரண 20 வாட் வெள்ளை எல்இடி பட்டை விளக்கைச் செடிக்கு அரை அடி மேலே கட்டி, பகலில் 10 மணி நேரம் எரியவிட்டால் துளசி தப்பித்துவிடும். செலவு மாதத்துக்கு 6 யூனிட்.